ஊதுகுழலின் மூச்சு

செட்டிநாட்டு மாளிகைகளைப் பற்றி எழுதுவோர் பலர் ஒரு பட்டியலோடு நின்றுவிடுகின்றனர்: பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி. எங்கிருந்து வந்தது என்பதே அழகின் அளவுகோலாகிவிடுகிறது; எவ்வாறு செய்யப்பட்டது என்று எவரும் வினவுவதில்லை. கலையை மதிப்பிட இது போதுமா?

கானாடுகாத்தான் போன்ற ஊர்களின் பெரிய வீடுகளில் தொங்கும் சரவிளக்குகளையும் வண்ணக் கண்ணாடிக் குடுவைகளையும் சற்று அருகில் நின்று நோக்குவோம். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய செல்வம் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த பொருள்கள் இவை. கையால் ஊதிய கண்ணாடிக்கு அடையாளங்கள் உண்டு: கனத்தில் மெல்லிய ஏற்றத்தாழ்வு, உள்ளே சிறைப்பட்ட காற்றுக்குமிழ், அடியில் இரும்புக்கோலைப் பிரித்தெடுத்த வடு. இவற்றைக் குறையெனக் கழிப்பாரும் உளர். செய்தவரின் கையொப்பமென்றே நாம் கொள்வோம்.

உருகிய கண்ணாடிக் குழம்பைக் குழல் முனையில் திரட்டி ஊதும் இக்கலை ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் சிரிய, பாலஸ்தீனக் கடற்கரைப் பகுதியில் தோன்றியது. வெனிஸ் நகரம் தீவிபத்துக்கு அஞ்சி 1291-இல் தன் கண்ணாடி உலைகளை முரானோத் தீவுக்கு அனுப்பியது. அன்றுமுதல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய வடிவங்கள் அங்கு இன்றும் வாழ்கின்றன. மூச்சும் பயிற்சியும் அறுபடாததே அம்மரபின் வலிமை.

நமக்கும் கண்ணாடி புதியதன்று. அரிக்கமேட்டில் கண்ணாடிக் குழாயை இழுத்து நறுக்கி மணிகள் செய்தனர் நம் முன்னோர். செட்டிநாட்டுக் கைவினைஞர் கண்ணாடியைக் கருவியாகவே கொண்டனர். ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகைமீது அச்சுச்சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றுகின்றனர். மேலே மணலும் சிமெண்டும் இட்டு, பின் நீரில் ஊறவைத்து உலர்த்துகின்றனர். சூளையும் இல்லை, மெருகூட்டலும் இல்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் பளபளப்பாகிறது. விலைக்கு வாங்கிய விளக்கைவிட, கற்றுக்கொண்ட இத்தொழிலையே நாம் உயர்வாக மதிக்கிறோம்.

2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் இடிக்கப்பட்ட வீடுகளின் விளக்குகள் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருப் பழம்பொருட் கடைகளில் தனித்தனியே விலைபோகின்றன. கூடத்தின் உயரத்திற்கும் முற்றத்தின் வெளிச்சத்திற்கும் ஏற்பத் தொங்கிய விளக்கு, அவற்றைப் பிரிந்தபின் வெறும் சரக்கே. வீட்டை இடித்துவிட்டு விளக்கை மட்டும் காப்பது மரபைக் காப்பதாகுமா? வாங்குவோரும் விற்போரும் ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும்.