முதுகால் எய்கிற பெரியவர்

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அம்பு விடுகிற ஒருத்தரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்துவிட்டேன். பார்த்த நாளிலிருந்து வீட்டில், ஆபீஸில், தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவின் சாப்பாட்டு வரிசையில்கூட அதையேதான் பேசிக்கொண்டிருக்கிறேன். "போதுங்க, அவங்க முதல்ல சாம்பார் வாங்கட்டும்" என்று என் மனைவி சட்டையைப் பிடித்து இழுக்கிறாள், நான் விடுவதாக இல்லை. மிச்சிகனில், லான்சிங்குக்கு வடக்கே, எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார் அந்தப் பெரியவர். கார் ஃபேக்டரியில் உழைத்து ஓய்வுபெற்றவர். அக்டோபர் பிறந்தால் வில்லை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். (நம் ஊரில் இன்று வனவிலங்குச் சட்டப்படி மான் வேட்டை என்றாலே ஜெயில்தான். இங்கே லைசென்ஸ் வாங்கி, சீசன் பார்த்து, இத்தனைதான் என்ற கணக்குக்குள் வேட்டையாடுகிறார்கள். ராத்திரியில் கார் ஓட்டிப் பார்த்தால் தெரியும், இங்கே மான் எவ்வளவு என்று.)

அவர் விட்ட அம்பு தப்பி நான் பார்த்ததில்லை. கழுகுக் கண்ணாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கே! பேப்பர் படிக்கவே கண்ணாடியைத் தேடுகிறவர். சரி, கை பலமோ என்றால் அதுவும் இல்லை, மளிகைப் பையை நான்தான் தூக்கிக் கொடுக்கிறேன். பிறகு ஒரு சாயங்காலம் வேலி ஓரமாக எட்டிப் பார்த்தேனா, மூன்றே எட்டு தூரத்தில் ஃபோம் கட்டை, வில்லை முழுசாக இழுத்து நிற்கிறார் மனுஷன், கண் மூடியிருக்கிறது! தப் என்று அம்பு இறங்கியது. பிடுங்கினார், மாட்டினார், இழுத்தார், கண்ணை மூடினார், தப். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. "ஏன் பெரியவரே கண்ணை மூடுறீங்க?" என்று கத்தியே விட்டேன். "கண் திறந்திருந்தா அது குறுக்கே பேசிக்கிட்டே இருக்கும், முதுகு சொல்றது கேக்காது" என்றார். அந்த நிமிஷமே நான் அவருடைய ரசிகனாகிவிட்டேன், ரசிகன் என்ன ரசிகன், பக்தன்!

முதுகு என்றாரே, அதுதான் சங்கதி. கண்ணை மூடுவது முதுகைப் பழக்கத்தான், குறி பார்க்கும்போது கண் திறந்துதான் இருக்கும். நாமெல்லாம் அம்பு விடுவது விரல் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். வலது மணிக்கட்டில் ரிலீஸ் என்கிற சின்னக் கருவி கட்டியிருக்கிறது, அதன் கொக்கி நாணைப் பிடித்திருக்கிறது, ஆள்காட்டி விரல் விசைமேல். நாண் மூக்கு நுனியைத் தொடுகிறது, கைமுட்டி தாடை எலும்புக்கு அடியில் போய் உட்கார்கிறது, ஒவ்வொரு தடவையும் அதே இடம், ஒரு நூல்கூட மாறாது. நாணில் இருக்கிற சின்ன வளையத்துக்குள்ளே வில்லில் இருக்கிற பெரிய வளையம் சரியாகப் பொருந்தி நிற்கிறது. அதற்குள் ஒரு பச்சைப் புள்ளி, பின் என்பார்கள், குறிமேல் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆமாம், ஆடும்! எவ்வளவு பெரிய கெட்டிக்காரனுக்கும் அது நிற்காது. சரியாகக் குறிக்கு வரும்போது விரலால் டக்கென்று தட்டிவிடலாம் என்று நினைத்தீர்களோ, தொலைந்தது. இப்போது வெடிக்கப் போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடும், தோள் சுருங்கும், இடது கை இறங்கும், அம்பு எங்கோ போகும். பெரியவர் விரலை அசைப்பதே இல்லை. புள்ளி ஆடினால் ஆடட்டும் என்று விட்டுவிட்டு, வலது முழங்கையைப் பின்னால் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கிறார், இரண்டு தோள்பட்டை எலும்பும் முதுகில் நெருங்கி நெருங்கி வருகின்றன, அந்த இழுப்பிலேயே ஏதோ ஒரு கணத்தில் விசை தானாக விடுபடுகிறது. எந்தக் கணம்? அவருக்கே தெரியாது! தெரியாததால்தான் அவர் உடம்பு பயப்படுவதில்லை, பயப்படாததால்தான் அம்பு தப்புவதில்லை. இதை முதன்முதலில் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது, இப்போது எழுதும்போதும் புல்லரிக்கிறது.

இடது கையைச் சொல்லாமல் விட்டேனே! வில்லை அவர் பிடிப்பதே கிடையாது. கட்டைவிரல் அடிமேட்டில் வில் சாய்ந்து நிற்கும், மற்ற விரல்கள் சும்மா தொங்கும். இறுக்கிப் பிடித்தால் வில் துளியூண்டு திருகும், துளியூண்டு திருகினால் இருபது கஜத்தில் அம்பு பக்கவாட்டில் அங்குலக் கணக்கில் விலகும். அம்பு போன பிறகும் அது தைக்கிற சத்தம் கேட்கும்வரை கையை இறக்கமாட்டார்.

அவர் கையில் இருப்பது காம்பவுண்ட் வில். மிசௌரிக்காரர் ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1969ல் காப்புரிமை வாங்கிய கண்டுபிடிப்பு. இரண்டு முனையிலும் சக்கரம் இருக்கும். 60 பவுண்டு பலத்தோடு இழுத்தால், கடைசிவரை இழுத்து முடித்ததும் சக்கரம் புரண்டு பாரத்தில் முக்கால் பங்கையோ அதற்கு மேலோ தன்மேல் வாங்கிக்கொள்ளும். அப்புறம் கையில் நிற்பது பன்னிரண்டு, பதினைந்து பவுண்டுதான். மான் வாகாகத் திரும்புகிறவரை இழுத்த வில்லோடு கொஞ்ச நேரம் காத்திருக்கலாம்! விலை மட்டும் கொஞ்சம் அதிகம். அதைப் பற்றி வீட்டில் தனியாகப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

இந்த வித்தை எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று பெரியவரைத் தப்பித் தவறிக் கேட்டுவிட்டால் காபி ஆறிவிடும். யாஹி பழங்குடியின் கடைசி மனிதர் இஷி, 1911ல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் தனியாக வந்து நிற்கிறார். சான் ஃபிரான்சிஸ்கோவில் சாக்ஸ்டன் போப் என்ற டாக்டர் அவருக்கு வைத்தியம் பார்க்கிறார், பதிலுக்கு அவரிடம் வில் கற்கிறார். 1916ல் இஷி காசநோயில் இறந்துவிடுகிறார். ஆனால் வித்தை போப்பிடமும் அவர் நண்பர் ஆர்தர் யங்கிடமும் தங்கிவிடுகிறது. யங் எடுத்த வேட்டைப் படத்தை டெட்ராய்ட்டில் ஒரு கார் கம்பெனித் தொழிலாளி பார்த்துவிட்டுக் கிறுக்காகிறார். அவர்தான் ஃப்ரெட் பேர், இங்கத்திய வில் வேட்டைக்காரர்களின் குலதெய்வம்! மிச்சிகனில் 1937ல் வில்லுக்கென்று தனி சீசன் வந்தது. கார் தொழிலாளிக்குப் பின்னால் இன்னொரு கார் தொழிலாளி, அந்த வரிசையின் நுனி என் பக்கத்து வீட்டில் வந்து நிற்கிறது, எனக்குத் தலைகால் புரியுமா சொல்லுங்கள்?

இவ்வளவும் இருந்தாலும் மானைச் சரியாக அடிக்க இது பாதிதான். மீதிப் பாதி மானைத் தெரிந்துகொள்வது. நம் ஊரில் எல்லோரும் துரோணர் கதையைச் சொல்வார்கள், பறவையின் கண் மட்டும் தெரிகிறது என்றானே அர்ஜுனன், அது. நானும் பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பறவைக்கு உயிர் இருந்ததா?" என்றார். இல்லை, துரோணர் மரத்தில் வைத்தது செய்துவைத்த பறவை. "அதான்" என்றார். உயிருள்ள வெள்ளைவால் மானுக்குக் காது இருக்கிறது! நாண் விடுபடும் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1100 அடி வேகத்தில் போகிறது, அம்பு 280 அடிதான் போகிறது. சத்தம் முதலில் போய்ச் சேரும். பாய்ந்து ஓடுவதற்காக மான் முதலில் காலை மடக்கும், அப்போது உடம்பு கீழே தாழும், நாம் குறிவைத்த இடம் அங்கே இருக்காது. இருபது கஜமென்றால் சத்தத்துக்கும் அம்புக்கும் நடுவே நொடியில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கிறது, மானுக்கு நேரம் போதாது. நாற்பது கஜமென்றால் அது இரண்டு மடங்காகிறது. அது போதும் மானுக்கு. தூரத்தைத் தப்பாகக் கணித்தாலும் அதே கதிதான், நாற்பது கஜத்து மானை இருபது என்று நினைத்து அடித்தால் அம்பு ஓரடிக்குமேல் இறங்கிப் போகும். நெஞ்சில் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஒரு டிபன் தட்டு அகலம், அவ்வளவுதான்.

சரி, இப்போது என்னோடு மரத்துக்கு வாருங்கள். நவம்பர் முதல் வாரம், ஆண் மான்கள் ஜோடி தேடிப் புத்தி பேதலித்துத் திரிகிற காலம். விடியவில்லை. ஓக் மரத்தில் சாய்த்துக் கட்டிய ஏணியின் உச்சியில் இரண்டு பேர் உட்காரும் இருக்கை, இடுப்பில் பட்டை போட்டு மரத்தோடு கட்டிக்கொண்டாயிற்று, காற்று எங்கள் முகத்துக்கு நேராக. என் கையில் எதுவும் கிடையாது, வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். குறை என்று சொல்ல ஒன்றே ஒன்று, குளிர். கால் விரல் இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது, ஆனால் யாருக்குக் கவலை! வெளிச்சம் வந்ததும் ரேஞ்ச்ஃபைண்டரால் ஒவ்வொரு மரமாக அளந்து என் காதில் ஊதுகிறார்: அந்த ஓக் 22 கஜம், விழுந்து கிடக்கிற மரம் 30, அதைத் தாண்டினா நமக்கில்லை. சருகு சலசலத்தது. வில்லைக்கூடத் தொடவில்லை அவர். சத்தத்தைக் கேட்டு எய்தால் என்ன ஆகும் என்று தசரதன் நமக்கு எப்போதோ காட்டிவிட்டானே. தாயும் குட்டியுமாக இரண்டு மான் வந்தன, போயின. அப்புறம் ஒரு கொம்பன், பக்கத்திலேயே வந்து எங்களைப் பார்த்து நேருக்கு நேர் நின்றது, அடிங்க அடிங்க என்று என் மனசு கூத்தாடுகிறது, அசையவில்லை மனுஷன். எதிர்நெஞ்சில் எலும்பு குறுக்கே நிற்கும், அம்புக்கு வழி குறைவு. அது திரும்பி விழுந்த மரத்தைத் தாண்டிப் போய் அழகாகப் பக்கவாட்டில் நின்றது, நான் அவர் தொடையைக் கிள்ளியே விட்டேன், தலையை மட்டும் ஆட்டினார். நாற்பத்தைந்து கஜம். போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம்தானய்யா வந்தது அது! மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு, வாலை நீட்டிக்கொண்டு, எட்டு முனைக் கொம்போடு, அந்தப் பெண் மான் போன தடத்திலேயே தக்குத் தக்கென்று வருகிறது, என் நெஞ்சு அடிக்கிற அடியில் மரமே ஆடுகிறது என்று நினைத்தேன், பெரியவர் எழுந்து நின்றுவிட்டார், எப்போது எழுந்தார் என்றே தெரியவில்லை, மான் தலை அந்த 22 கஜ ஓக் மரத்துக்குப் பின்னால் மறைந்த அந்தக் கணம் நாண் பின்னால் வந்தது, தாடையில் கை உட்கார்ந்தது, கையை மட்டும் கீழே தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து மொத்தமாகக் குனிந்தார், மான் வெளியே வந்தது, நடக்கிறது, "ம்மே" என்று வாயாலேயே ஒரு சின்னக் குரல் கொடுத்தார், மான் நின்றது, முன்னங்கால் முன்னே, நெஞ்சு முழுசாகத் திறந்து கிடக்கிறது, நான் மானைப் பார்க்கவில்லை சாமி, அவர் முதுகைப் பார்த்தேன், அந்தக் கனத்த கம்பளிக் கோட்டுக்கு அடியில் இரண்டு தோள்பட்டையும் மெல்ல மெல்ல நெருங்குகின்றன, இன்னும், இன்னும், விரல் அசையவில்லை, எனக்குக் கத்த வேண்டும்போல இருக்கிறது, இன்னும், டப்! அம்பு போனதே தெரியவில்லை, அந்தப் பக்கம் மண்ணில் நின்று ஆடியது, பெரியவர் கை இன்னும் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அவர் முகத்தில், நம்புங்கள், ஒரு சின்ன ஆச்சரியம்! அவருக்கே இப்போதுதான் தெரிந்திருக்கிறது. நான் ஒப்பந்தத்தை மறந்து "ஐயோ ஐயோ ஐயோ" என்று தமிழில் அலறிவிட்டேன், காட்டில் இருந்த அணிலெல்லாம் திட்டின.

உடனே இறங்கவிடவில்லை. அரைமணி நேரம் காத்திருக்க வேண்டுமாம், விரட்டினால் மான் இன்னும் தூரம் ஓடும், பாவம். ஃபிளாஸ்க்கிலிருந்து அவர் காபி ஊற்றிக் கொடுக்கிறார், என் கை நடுங்கிப் பாதி கோட்டில் கொட்டுகிறது. இறங்கிப் போய்ப் பார்த்தால் அம்பில் நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம், அது நுரையீரலின் அடையாளம். ஒரு மைதான தூரம்கூட ஓடவில்லை. இரண்டு விலா எலும்புக்கு நடுவில் ஒரு துளை, அந்தப் பக்கம் ஒரு துளை, நான் விரலால் அளந்து அளந்து பார்த்து அவரிடம் திட்டு வாங்கினேன்.

ஒரு தொடை எங்களுக்கு. மனைவி மிளகு நுணுக்கிப் போட்டு, கறிவேப்பிலை தாளித்து வறுவல் செய்தாள், மான் கறியில் கொழுப்பு கிடையாது, நல்லெண்ணெய் தாராளமாக விட வேண்டியிருந்தது. பெரியவர் மூக்கைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அப்போதுதான் பேச்சோடு பேச்சாக என் வில் விஷயத்தையும் அவளிடம் எடுத்துப் போட்டார், நாற்பத்தைந்து பவுண்டு போதும், பழசாகவே வாங்கலாம் என்று. அக்டோபர் 1ஆம் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.