மேற்கோள் எண்ணிக்கையும் பாலின வேறுபாடும்

ஓர் ஆய்வுக் கட்டுரை பிற ஆய்வாளர்களின் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டப்படுகிறது என்பதே மேற்கோள் எண்ணிக்கை. பணி நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நிதி ஆகியவற்றில் இந்த எண்ணும் கருத்தில் கொள்ளப்படுகிறது. பெண் ஆய்வாளர்களின் மொத்த மேற்கோள்கள் பொதுவாகக் குறைவாக உள்ளன. இதற்குத் திறமைக் குறைவுதான் காரணமா என்பதே கேள்வி.

இரு ஆய்வுகள்

வின்சென்ட் லாரிவியேர் குழுவினர் 2008 முதல் 2012 வரை வெளியான 54 இலட்சம் கட்டுரைகளை ஆராய்ந்து, 2013இல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். தனி ஆசிரியராகவோ, முதல் அல்லது இறுதி ஆசிரியராகவோ பெண் இருந்த கட்டுரைகள் குறைவாகவே மேற்கோள் பெற்றிருந்தன. ஆனால் இது கட்டுரைகளை ஒப்பிட்ட ஆய்வு. ஒருவரின் முழுப் பணிக்காலத்தைத் தொடர்ந்து பார்த்ததன்று.

ஜுன்மிங் ஹுவாங், பராபாசி முதலியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு அதைச் செய்தது. 1955 முதல் 2010 வரையிலான காலத்தில் ஆய்வுப்பணி முடிவுற்ற 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அது எடுத்துக்கொண்டது. ஆண்டுக்கு எழுதும் கட்டுரைகளில் இருபாலருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கட்டுரைத் தொகை சமமாக இருந்தால் மேற்கோளும் ஏறத்தாழச் சமமே. பெண்கள் முன்னதாகவே ஆய்வுத்துறையை விட்டு விலகுவதே இடைவெளிக்குப் பெருங்காரணம்.

ஓர் எளிய கணக்கு

ஆண்டுக்கு 2 கட்டுரை வீதம் ஒருவர் 10 ஆண்டுகளும் மற்றவர் 20 ஆண்டுகளும் எழுதினால், முறையே 20, 40 கட்டுரைகள் கிடைக்கும். எச்-சுட்டெண் கட்டுரைகளின் எண்ணிக்கையைத் தாண்டாது. ஆகவே முதலாமவர் எவ்வளவு சிறப்பாக எழுதினாலும் அவரது சுட்டெண் 20ஐக் கடக்க முடியாது. இந்த எண் திறமையோடு பணிக்கால நீளத்தையும் சேர்த்தே அளக்கிறது.

தன்மேற்கோள்

ஆண்கள் தம் பழைய கட்டுரைகளைப் பெண்களைவிட 56 விழுக்காடு கூடுதலாகச் சுட்டுகின்றனர் என 2017இல் ஓர் ஆய்வு கூறியது. இதைப் பெண்களின் அடக்கத்தால் விளக்குவது எளிது. ஆனால் சுட்டுவதற்குப் பழைய கட்டுரைகள் வேண்டுமல்லவா? மருத்துவ உயிரியல் கட்டுரைகளில், முன்பு எழுதியவற்றின் எண்ணிக்கையைக் கணக்கில் கொண்டபோது இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.

மதிப்பீடு

இவ்வகை ஆய்வுகள் பெரும்பாலும் பெயரைக் கொண்டே பாலினத்தைக் கணிக்கின்றன. முதலெழுத்து மட்டும் உள்ள பெயர்கள் இதில் விடுபடும். மேலும், 'சமமான கட்டுரைகளுக்குச் சமமான மேற்கோள்' என்பதால் அநீதி இல்லை என்று ஆகிவிடாது. இடையில் விலகியவர்கள் எழுதாமல் போன கட்டுரைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மொத்த மேற்கோளை மட்டும் கொண்டு இருவரை ஒப்பிடுவோர், அவர்கள் பணியாற்றிய ஆண்டுகளையும் உடன் பார்ப்பதே முறை.