உறையும் விலையும்: தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்கள் இல்லக் குறுந்தகடாகப் பரவாத வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தமிழ்த் திரைப்படம் குறைந்த விலைக் குறுந்தகடாக இல்லங்களுக்குள் நுழைந்தது. அக்காலத்தில் நாள்தோறும் பார்க்கப்பட்ட தொலைக்காட்சித் தொடரோ அவ்வடிவத்தைப் பரவலாகப் பெறவில்லை. அதற்கான காரணங்களைத் தொகுப்பு அலகு, விலை, உறை ஆகிய மூன்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. நெடுந்தொடரைத் தடுத்தது அதன் நீளம். குறுந்தொடரைத் தடுத்தது நீளமோ விலையோ அன்று, அதனை ஒரு படைப்பாகக் கருதாத மதிப்பீடே என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: தொலைக்காட்சித் தொடர், குறுந்தகடு, தொகுப்பு அலகு, புறப்பனுவல், மோசர் பேயர், மர்ம தேசம், திருவேங்கடம்.

முன்னுரை

ஒரு பனுவலை ஆராய வேண்டுமெனின் முதலில் அது கைக்கு எட்ட வேண்டும். சங்கப் பாடல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த பின்னரே பரவலான ஆய்வுக்கு உரியவையாயின. தொலைக்காட்சித் தொடருக்கு அத்தகைய பதிப்பு வரலாறு அமையவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14இல் தொடங்கியது. அரை நூற்றாண்டை எட்டியுள்ள இவ்வூடகத்தின் கதைப் பனுவல்களில் ஓர் ஆய்வு மாணவர் விலைகொடுத்து வாங்கித் தம் அலமாரியில் வைத்துக்கொள்ளத்தக்கவை மிகச் சில.

தொடர்கள் தரமற்றவை, ஆகவே பேணப்படவில்லை என்பது வழக்கமான விடை. இவ்விடை போதாது. தரமற்றவை எனத் திறனாய்வாளர் ஒதுக்கிய திரைப்படங்களும் ஆயிரக்கணக்கில் குறுந்தகடாக விற்றன. எனவே இச்சிக்கலைத் தரத்தில் மட்டுமன்றிச் சந்தைப் பொருளின் வடிவத்திலும் தேட வேண்டியுள்ளது.

1. தொடரைக் கட்டடம் செய்த வாசகர்

தொடராக வருவதை முழுமையாக்கி வைத்துக்கொள்ளும் விருப்பம் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்தது. வாரந்தோறும் அதன் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, கட்டடம் செய்து, ஓவியங்களோடு பாதுகாத்த குடும்பங்கள் பல. பதிப்பாளர் தரும் நூலுக்கு முன்பே வாசகர் தமக்கான பதிப்பை உருவாக்கிக்கொண்டனர் எனலாம். பின்னர் அந்நாவல் ஐந்து பாகங்களாக நூலாயிற்று. கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையான பிறகு பல பதிப்பகங்கள் அதனைப் போட்டி விலையில் வெளியிட்டன. இதழ், கட்டடம், நூல், மலிவுப் பதிப்பு என நான்கு படிகளில் ஒரு தொடர்கதை நிலைபேறு அடைந்தது.

தொலைக்காட்சித் தொடர் இந்நான்கு படிகளில் முதற்படியோடு நின்றுவிட்டது. வீட்டில் ஒளிப்பதிவுக் கருவி வைத்திருந்தோர் சிலரே. நாடாவின் விலை, ஒளிபரப்பின்போது மின்தடை, குறுக்கிடும் விளம்பரம் ஆகியவை வாசகர் செய்த கட்டடத்தைப் பார்வையாளர் செய்ய இடந்தரவில்லை. கடல் கடந்த தமிழரிடையே நிலை வேறு. கனடாவிலும் ஐரோப்பாவிலும் தமிழ்க் கடைகளில் தொடர்ப் பதிவுகள் நாடாக்களாகவும் பின்னர் வட்டுகளாகவும் வாடகைக்குக் கிடைத்தன. ஆயினும் அங்கு விலை பெற்றது தொடரின் முழுமை அன்று. அவ்வாரக் கதையின் புதுமையே. பார்த்து முடித்தது கடைக்குத் திரும்பியது. தொடருக்குப் பணம் கொடுக்க மக்கள் அணியமாக இருந்தனர் என்பதும், உரிமையாக்கிக்கொள்ளும் பொருளாக அது அவர்களுக்குக் காட்டப்படவில்லை என்பதும் இதனால் ஒருசேரப் புலப்படுகின்றன.

2. இருபத்தெட்டு ரூபாயின் தாக்கம்

தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட மோசர் பேயர் நிறுவனம் வெற்று வட்டுகளை உற்பத்தி செய்துவந்தது. அந்நிறுவனம் இல்லக் காணொளித் துறையில் இறங்கி, 2007இல் தமிழ்ப் படங்களின் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றது. அதுவரை முறையான வெளியீடுகளின் விலை இதைப்போலப் பல மடங்கு. திருட்டு வட்டுகளே எளியோருக்கு எட்டியவை. காணொளித் திருட்டைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின் வரம்பில் தமிழ்நாடு அரசு 2004இல் சேர்த்திருந்தது. சட்டம் தண்டனையால் செய்ய முயன்றதை இந்நிறுவனம் விலையால் செய்ய முயன்றது எனலாம்.

இவ்விலை எவ்வாறு இயன்றது? வட்டினைத் தானே உற்பத்தி செய்தமை, படங்களின் உரிமையை மொத்தமாக வாங்கியமை, கனத்த நெகிழிப் பேழையை விடுத்து மெல்லிய உறையைக் கையாண்டமை, மிகுந்த படிகளை விற்றுக் குறைந்த ஆதாயத்தை ஈடுசெய்ய எண்ணியமை ஆகியன காரணங்கள். இவற்றுள் உறை கருதத்தக்கது. கனத்த பேழை அலமாரிக்கு உரியது. மெல்லிய உறை பெட்டிக்கடைக் கம்பியில் தொங்குவதற்கு உரியது. விற்பனை இடம் மாறியபோது பொருளின் தகுதியும் மாறியது. படம் சேகரிப்புப் பொருள் என்னும் நிலையிலிருந்து வார இதழைப் போன்ற நுகர்பொருள் ஆயிற்று.

திரைப்படம் இம்மாற்றத்திற்கு எளிதில் இசைந்தது. ஒரு வி.சி.டி.யில் 74 முதல் 80 நிமிடக் காட்சியே அடங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படம் இரண்டு வட்டுகளில் பொருந்தும். வட்டு மாற்றும் இடம் பெரும்பாலும் இடைவேளையை ஒட்டி அமையும். திரையரங்கின் வடிவமே வட்டின் வடிவமாகவும் உதவியது. தொடருக்கு அத்தகைய இயற்கையான எல்லை இல்லை.

3. நெடுந்தொடரின் கணக்கு

சன் தொலைக்காட்சியில் 2003 முதல் 2009 வரை ஒளிபரப்பான ‘கோலங்கள்’ 1,533 அத்தியாயங்களைக் கொண்டது. ஒரு டி.வி.டி.க்கு ஆறு அத்தியாயங்கள் எனக் கொண்டால் அதற்கு 256 வட்டுகள் வேண்டும். அன்றைய மிகக் குறைந்த விலையான 34 ரூபாய்க்கே ஒவ்வொன்றையும் விற்பதாகக் கருதினும் முழுத்தொடரின் விலை 8,704 ரூபாய் ஆகும்.

இத்தொகையின் பொருளைச் சந்தையின் அடித்தளத்திலிருந்து காண்பது பயன்தரும். சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே கரிசல் நிலத்தில் அமைந்த பேரூராட்சி திருவேங்கடம். அன்று அது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019இல் தென்காசி மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. ஊரக வேலை உறுதித் திட்டம் 2007இல் திருநெல்வேலி மாவட்டத்திற்கு விரிவாக்கப்பட்டபோது தமிழ்நாட்டில் அதன் நாட்கூலி 80 ரூபாய். அவ்வட்டாரத்துக் கூலித் தொழிலாளர் ஒருவருக்கு 28 ரூபாய் வி.சி.டி. என்பது நாட்கூலியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆசைப்பட்டு வாங்கிவிடக்கூடிய விலை அது. ‘கோலங்கள்’ முழுமையும் வாங்குவதற்கோ 109 நாள் கூலி வேண்டும். ஆண்டு முழுவதற்கும் அரசு உறுதியளித்த 100 நாள் வேலையையும் செய்து முடித்து, பெற்ற கூலி அனைத்தையும் கொடுத்தாலும் தொடர் கைக்கு வராது.

இன்னொரு மாற்றத்தையும் இங்குக் கருத வேண்டும். 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் சிற்றூர் இல்லங்களுக்கும் பெட்டியைக் கொண்டுசேர்த்தது. பெட்டி இலவசம், கம்பிவடக் கட்டணம் மாதத்திற்கு ஒருமுறை. அதனுள் தொடர் தனி விலையின்றி வருகிறது. மாலையில் தானே வீட்டிற்கு வரும் ஒன்றை விலைகொடுத்து வாங்கச் சொல்வதற்கு வலுவான காரணம் வேண்டும். அக்காரணத்தை உருவாக்க யாரும் முனையவில்லை.

உற்பத்தியாளர் தரப்பிலும் முனைப்பு எழவில்லை. ஒளிபரப்பு நேரத்தை வாங்கி, அதில் விளம்பரம் விற்று, செலவை மீட்பதே தமிழ்த் தனியார் தொலைக்காட்சித் தொடர் தயாரிப்பின் பரவலான முறை. அத்தியாயம் ஒளிபரப்பாகும் அன்றே அதன் ஆதாயம் கணக்கிடப்பட்டுவிடுகிறது. நேற்றைய அத்தியாயம் வணிக நோக்கில் முடிந்துபோன ஒன்று.

4. குறுந்தொடரின் கணக்கு

இதுவரை கூறியவை நெடுந்தொடருக்கே பொருந்தும். குறுந்தொடர்களின் நிலை வேறு. தூர்தர்ஷன் காலத்துத் தொடர்கள் 13 வாரம் என்னும் காலாண்டு அளவை அடிப்படையாகக் கொண்டவை. மேற்கூறிய அதே கணக்கின்படி 13 அத்தியாயத் தொடர் ஒன்று மூன்று டி.வி.டி.களில் அடங்கும், விலை 102 ரூபாய். ஒன்றேகால் நாள் கூலிக்குச் சற்று மிகுதி. ஆகவே விலை இங்குத் தடையாக இருந்திருக்க முடியாது.

கே. பாலசந்தரின் ‘ரயில் சினேகம்’, ‘கையளவு மனசு’ ஆகியன தொடக்கமும் முடிவும் உடைய கதைகள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில் நாகா தொடங்கிவைத்த ‘மர்ம தேசம்’ இன்னும் பொருத்தமான சான்று. ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’, ‘சொர்ண ரேகை’, ‘இயந்திரப் பறவை’, ‘எதுவும் நடக்கும்’ என ஒரே தலைப்பின்கீழ் ஐந்து தனிக்கதைகள். ஒவ்வொன்றும் ஒரு பேழை என்னும் அமைப்பு அப்படைப்பிலேயே உள்ளது. காவல் தெய்வ வழிபாட்டையும் அச்சத்தையும் கதைப்பொருளாக்கிய ‘விடாது கருப்பு’, தென்மாவட்ட நாட்டார் சமயத்தை ஆராய்வோர்க்கு ஒரு முதன்மைப் பனுவல். திருவேங்கடம் போன்ற ஊர்களில் கருப்பசாமி கதைப்பாத்திரம் மட்டும் அல்லர், வழிபடப்படும் தெய்வம். அத்தொடர் அங்கு எவ்வாறு பார்க்கப்பட்டது என்பதை ஆராய விழைபவருக்கும் நம்பத்தக்க பதிப்பு ஒன்று தேவை.

இந்தியில் இராமானந்த் சாகரின் ‘இராமாயணம்’ 78 அத்தியாயங்களாக 1987 முதல் 1988 வரை ஒளிபரப்பானது, பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரதம்’ 94 அத்தியாயங்களாக 1988 முதல் 1990 வரை ஒளிபரப்பானது. இவ்விரண்டும் வட்டுத் தொகுப்புகளாக வெளிவந்தன. முடிவுடைய கதை என்பதோடு, இல்லத்தில் வைத்திருப்பது நன்மை தரும் என்னும் சமய மதிப்பும் அவற்றுக்கு இருந்தது. தமிழ்க் குறுந்தொடருக்கு முன்னது உண்டு, பின்னது இல்லை. அவ்விடத்தை நிரப்பக்கூடியது இலக்கிய மதிப்பு. அதனைத் தந்திருக்க வேண்டியவர் திறனாய்வாளர்.

5. உறை என்னும் புறப்பனுவல்

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ழெரார் ழெனெத் நூலின் தலைப்பு, அட்டை, முன்னுரை போன்றவற்றைப் புறப்பனுவல் என வகுத்து, அவை பனுவலை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதை வாசகருக்கு உணர்த்தும் வாயில்கள் என்றார். தொலைக்காட்சித் தொகுப்பின் உறைக்கும் இது பொருந்தும்.

அமெரிக்காவில் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரின் முதற்பருவம் 2000ஆம் ஆண்டு டி.வி.டி. பேழையாக வந்தது. 24 அத்தியாயங்கள், ஏழு வட்டுகள், குறிவிலை 149.98 டாலர், அத்தியாயத்திற்கு ஏறத்தாழ ஆறேகால் டாலர். அதற்குமுன் அத்தொடர் நாடாவிற்கு இரண்டு அத்தியாயம் என விற்கப்பட்டது. நாடா அத்தியாயத்தை விற்றது. பேழை பருவத்தை விற்றது. பருவம் என்பது அதன்பின் ஒரு நூலின் பாகத்தைப் போல மதிப்பிடப்படும் அலகாயிற்று. உயர்ந்த விலையும் இங்கு ஒரு புறப்பனுவலே. இது பேணத்தக்கது என்று அது கூறியது.

தமிழ்ச் சந்தையில் விலை கூறியது இதற்கு நேர்மாறானது. 28 ரூபாய் என்பதே விளம்பரத்தின் முதன்மைச் செய்தி. நடிகர் முகம், படத்தின் பெயர், விலை ஆகியவற்றுக்கு அப்பால் மெல்லிய உறையில் இடமும் குறைவு. எழுத்தாளர், முதலில் வெளியான ஆண்டு, எந்தப் படியிலிருந்து மாற்றப்பட்டது, வெட்டுகள் உண்டா என்னும் பதிப்புச் செய்திகளை அவ்வுறையில் எதிர்பார்க்க இயலாது. எனினும் மலிவு விலையைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. உயர்விலைப் பேழையாக மட்டுமே படங்கள் வந்திருப்பின் கரிசல் வட்டாரத்து வீடுகளுக்கு அவை எட்டியிரா. மலிவுப் பதிப்பு தவறன்று. மலிவுப் பதிப்புக்கு முன் இருக்க வேண்டிய செம்பதிப்பு இல்லாமற்போனதே குறை. ‘பொன்னியின் செல்வன்’ மலிவாவதற்கு முன்பு நூலாகியிருந்தது; தமிழ்த் தொடரோ நூலாகும் நிலையையே எட்டவில்லை.

6. விலையற்ற நிலையும் அதன் விலையும்

வட்டுக்காலம் விரைவில் முடிந்தது. மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018இல் ஆணை பிறப்பிக்கப்பட்டது. இன்று ‘மர்ம தேசம்’ உள்ளிட்ட பழைய தொடர்களை யூடியூபில் கட்டணமின்றிக் காணலாம். 2020 ஊரடங்கில் புதிய படப்பிடிப்பு நின்றபோது ‘மெட்டி ஒலி’ மீண்டும் ஒளிபரப்பாயிற்று. பழைய தொடர்களுக்குப் பார்வையாளர் உண்டு என்பதை இவை மெய்ப்பிக்கின்றன.

ஆயின் காணக் கிடைப்பது வேறு, பதிப்பாக நிலைப்பது வேறு. இணையத்தில் ஏற்றியவர் எண்ணினால் எடுத்துவிடலாம். இசை உரிமைச் சிக்கலால் பின்னணி இசை மாறலாம். தொடக்கப் பாடல் வெட்டப்படலாம். மேற்கோளாகக் காட்டிய காட்சி அடுத்த ஆண்டு அவ்விடத்தில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. விலைகொடுத்து வாங்கிய வட்டு வாங்கியவருடையது. கட்டணமின்றிப் பார்ப்பது பார்ப்பவருடையதன்று. பார்வையாளருக்கு இவ்வேறுபாடு சிறியது, ஆய்வாளருக்கு அடிப்படையானது.

முடிவுரை

நெடுந்தொடர் குறுந்தகடாகாமைக்கு அதன் நீளமும், ஒளிபரப்பு நாளோடு முடிந்துவிடும் விளம்பரப் பொருளாதாரமும் காரணங்கள் என்பதை 8,704 ரூபாய்க் கணக்கு காட்டுகிறது. 102 ரூபாய்க்குள் அடங்கியிருக்கக்கூடிய குறுந்தொடருக்கு இக்காரணங்கள் பொருந்தா. அதனை ஒரு படைப்பாகப் பெயரிட்டு, அலகு வகுத்து, உறையில் எழுதித் தர யாரும் முன்வரவில்லை. இப்பொறுப்பில் வணிகருக்கு உள்ள பங்கைவிடத் தமிழ்த் துறைகளுக்கு உள்ள பங்கு குறைந்ததன்று. தொடர்களைப் பாடத்திட்டத்தில் வைக்காத, நூலகத்தில் கேட்காத ஆய்வுலகம் அவற்றுக்கு வாங்குவோர் இல்லை என்னும் முடிவுக்குத் துணைபோயிற்று.

குறைந்தது தூர்தர்ஷன் காலத்துக் குறுந்தொடர்களுக்கும் தனியார் தொலைக்காட்சியின் முதற் பத்தாண்டுத் தொடர்களுக்கும் அத்தியாய அட்டவணை, எழுத்தாளர், இயக்குநர், ஒளிபரப்பு நாள் ஆகியன அடங்கிய விவர நூல் ஒன்றைத் தமிழ்த் துறைகள் உருவாக்க வேண்டும். எழுதப்படாமற்போன உறையின் பின்பக்கத்தை எழுதும் பணி அது. அதற்கான செலவு மிகச் சிறிது. பணியாற்றியோர் நினைவோடு இருக்கும் காலமும் அவ்வாறே சிறிது.