நந்தன் ஏன் ‘நாளை’ என்றான்?

பாத்திரப் படைப்பு பற்றிய கேள்வி வந்தால் நம் மாணவர்கள் பலரும் ஒரே மாதிரிதான் எழுதுறாங்க: பக்தி மிக்கவன், பொறுமைசாலி, பணிவானவன். நந்தனுக்கும் இதே மூன்று சொல்தான். தப்பில்லை. ஆனால் அந்தப் பணிவு அவனுடைய குணமா, அவன்மேல் சுமத்தப்பட்டதா? இதைக் கேட்காவிட்டால் விடை பாதியில் நின்றுவிடும்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், ஆதனூர் நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோல் தருகிறார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு தருகிறார். அவர் கொடுத்த பொருள் கோயிலுக்குள் ஒலிக்கிறது. அவர் வெளியே நிற்கிறார். சிதம்பரம் போகத் தம் பிறப்பே தடை என்று தயங்கி, ‘நாளை’ என்று தள்ளிப்போடுகிறார்.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ ஒரு புதுப் பாத்திரத்தைக் கொண்டுவருகிறது: நிலக்கிழார் வேதியர். பெரியபுராணத்தில் இவர் கிடையாது. இங்கே நந்தன் பண்ணையாள். 40 வேலி நிலத்தின் வேலையை முடித்தால்தான் போகலாம் என்கிறார் வேதியர். ‘நாளை’ என்பதற்கான காரணம் இப்போது நந்தனின் மனசை விட்டு முதலாளியின் கைக்குப் போய்விட்டது. தோட்டத்தில் துரையிடமும் கிராணியிடமும் லீவு கேட்டு நின்ற தாத்தா பாட்டி கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த கிள்ளான் மாணவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனாலும் பாரதியாரின் நந்தனை விடுவிப்பது தெய்வம்தான். ஒரே இரவில் வயல் விளைந்துவிடுகிறது. தில்லையில் தீயில் மூழ்கி எழுந்த பிறகே அவனை உள்ளே விடுகிறார்கள். மாறியது நந்தன், ஊர் அப்படியே இருக்கிறது.

இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகம் இதே தீயை அதிசயமாகக் காட்டவில்லை. அங்கே அது சூழ்ச்சி. நந்தன் எரிந்து சாகிறான். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட கொடுமையை வைத்து ‘குருதிப்புனல்’ நாவலை எழுதியவரும் இவர்தான். அதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்த முடிவின் கோபம் புரியும்.

மாணவர்களே, எந்த நாடகத்திலும் ஒடுக்கப்பட்ட பாத்திரம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். தடுப்பவர் யார்? நிபந்தனை போடுபவர் யார்? கடைசியில் மாறுவது யார்? ‘பணிவானவன்’ என்று தாராளமாக எழுதுங்கள். யாருக்கு, எதற்காகப் பணிய வேண்டியிருந்தது என்பதையும் அடுத்த வரியில் சேர்த்து எழுதுங்கள்.