வட்டத்துக்குள் அடங்காத மழை

கடல், சூரியன், மேகம், மலை, ஆறு. இவற்றை வட்டமாக இணைக்கும் அம்புக்குறிகள். பள்ளிக்கூடம் போன எவருக்கும் நீர்ச்சுழற்சிப் படம் மறந்திருக்காது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. காய்ந்துபோன நீர் அழியவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் இருக்கிறது. உப்புக் கடலிலிருந்து நல்ல தண்ணீர் மழையாக வருகிறது. ஒரு குழந்தைக்கு இவை பெரிய செய்திகள். இரண்டையும் ஒரே பக்கத்தில் புரியவைத்துவிடுகிறது அந்தப் படம்.

கூடவே செய்துகாட்டும் சோதனையும் நல்லதுதான். கொதிக்கும் நீருக்கு மேல் குளிர்ந்த தட்டைப் பிடித்தால் அடியில் துளிகள் கோக்கும். ஆனால் கொதித்தால்தான் நீர் ஆவியாகும் என்ற தவறான எண்ணமும் சேர்ந்தே பதிகிறது. நிழலில் காயும் ஈரத்துணியையும் காட்டினால் அது நீங்கும்.

பெரிய குறை வேறு: படத்தில் காலம் இல்லை. காற்றில் ஏறிய நீராவி சராசரியாக 9 நாள் அளவில் மழையாகிவிடும். நிலத்தின் ஆழத்தில் இருக்கும் நீரோ நூற்றாண்டுகளாக, சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தது. இரண்டுக்கும் ஒரே மாதிரி அம்பு போட்டால், இறைத்ததெல்லாம் அடுத்த மழையில் திரும்பிவிடும் என்றுதானே பிள்ளை நினைக்கும்? ஆழ்துளைக் கிணறு ஏன் வற்றுகிறது என்ற கேள்விக்கு அந்த வட்டத்தில் விடை கிடையாது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை, 2019 கோடையில் ஏரிகள் வறண்டு தண்ணீர் லாரிக்குக் காத்துநின்றதற்கும் கிடையாது.

மனிதரும் அதில் இல்லை. 2019இல் 'நேச்சர் ஜியோசயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு 464 நீர்ச்சுழற்சிப் படங்களை அலசியது. 15 விழுக்காட்டில் மட்டுமே மனிதச் செயல்பாடு இருந்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 2022இல் அணை, வயல், நகரம், நிலத்தடி நீர் இறைப்பு எல்லாம் சேர்த்துப் புதுப் படம் வெளியிட்டது. நம் வகுப்பறைப் படத்தில் ஏரியும் மதகும் வரத்துக்காலும் இடம்பெற வேண்டாமா? ஊர்க் கண்மாய்க்கு நீர் எந்த வழியாக வருகிறது, அந்த வழியை அடைத்து நிற்பது எது என்று பிள்ளைகள் நடந்துபோய்ப் பார்ப்பதும் நீர்ச்சுழற்சிப் பாடம்தான்.

அளவும் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

ஆசிரியர்களே, படத்தைக் கழற்ற வேண்டாம். வரும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது, நேரான பக்கங்கள் கொண்ட கண்ணாடிக் குவளை ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, பெய்த மழையைப் பிள்ளைகளையே தினமும் அளக்கச் சொல்லுங்கள்.