நுழைவுச்சீட்டின் விலை: ஒரு ரசிகர் இதழின் முடிவு

2023 பிப்ரவரி 1ஆம் நாள் அமெரிக்காவின் டாம்பா நகரில் ராக் இசைப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பின் தம் ஈ ஸ்ட்ரீட் இசைக்குழுவினருடன் பயணக் கச்சேரிகளைத் தொடங்கினார். அதே வாரத்தில் ‘பேக்ஸ்ட்ரீட்ஸ்’ என்னும் ரசிகர் இதழ் தன் பணியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. 1980இல் சியாட்டில் நகரில் தோன்றி, அவரைப் பற்றியே எழுதி வந்த இதழ் அது. பெயரையும் அவருடைய பாட்டொன்றிலிருந்தே எடுத்திருந்தது. கலைஞர் மறைந்தபின் அவர் பெயரால் நடக்கும் இதழ் நின்றுபோவது இயல்பு. அவர் மேடைக்குத் திரும்பிய வாரத்திலேயே இதழ் நின்றதை நாம் வேறெங்கும் கண்டதில்லை. காரணம் நுழைவுச்சீட்டின் விலை.

2022 ஜூலையில் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் இக்கச்சேரிகளுக்கான சீட்டுகளை விற்கத் தொடங்கியபோது, ஒரு பகுதி இருக்கைகளுக்குப் ‘பிளாட்டினம்’ என்று பெயர் சூட்டியது. அவற்றுக்கு நிலையான விலை இல்லை. வாங்க வருவோரின் நெரிசலுக்கேற்ப விலை ஏறும். விமானப் பயணச்சீட்டில் நாமெல்லாம் பழகிப்போன முறைதான். சில இருக்கைகள் 5,000 டாலர் வரை சென்றன. எதிர்ப்பு எழுந்ததும் நிறுவனம் கணக்கொன்றை வெளியிட்டது. 88.2 விழுக்காடு சீட்டுகள் 59.50 முதல் 399 டாலர் வரையான நிலைத்த விலையில் விற்றன. ஏறும் விலைக்கு உட்பட்டவை 11.8 விழுக்காடே, விற்ற சீட்டுகளின் சராசரி விலை 262 டாலர் என்றது.

இக்கணக்கை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அதனருகில் இன்னொரு கணக்கையும் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அவ்வாண்டில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். சராசரிச் சீட்டு ஒன்றுக்கு 36 மணி நேர உழைப்பு. மனைவியையும் அழைத்துச் செல்ல விரும்பினால் அதைப்போல் இருமடங்கு. வேறொரு பாடகராயின் இந்தப் பெருக்கலை யாரும் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். இவரோ வேலையிழந்தவனையும் ஆலைத் தொழிலாளியையும் ஐம்பது ஆண்டுகளாகப் பாடியவர்; ஸ்டெய்ன்பெக் நாவலில் வரும் நாடோடி உழவனின் பெயரை 1995இல் ஓர் இசைத்தொகுப்புக்கே இட்டவர். ரசிகர்களின் சினம் தொகையைக் கண்டு மட்டும் எழுந்ததன்று. எவருடைய வாழ்வு பாட்டில் இருக்கிறதோ அவருக்கு அரங்கில் இடமில்லை என்பதைக் கண்டு எழுந்தது.

ஸ்பிரிங்ஸ்டீன் அந்நவம்பரில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழுக்கு அளித்த நேர்காணலில் விடை சொன்னார். மற்றவர்கள் வாங்குவதைவிடக் குறைவாகவே இதுவரை வாங்கி வந்தோம். இம்முறை பிறர் செய்வதைச் செய்தோம். எப்படியும் இடைத்தரகர் எடுத்துக்கொள்ளப்போகும் பணம் மேடையில் வியர்வை சிந்துபவர்க்குப் போனால் என்ன என்பது அதன் சாரம். நேர்மையான விடை, மழுப்பல் இல்லை. அதனாலேயே அதைக் கருத்தூன்றி ஆராய வேண்டியுள்ளது.

இவ்வாதம், பணம் யாருக்குப் போகிறது என்ற வினாவுக்கு விடை அளிக்கிறது. ரசிகர்கள் கேட்டது அதுவன்று. அரங்கினுள் யார் நுழைகிறார்கள் என்பதே அவர்கள் கேட்டது. 100 டாலர் சீட்டைத் தரகர் 1,000 டாலருக்கு விற்றாலும் பாடகரே அவ்விலைக்கு விற்றாலும், வெளியே நிற்பவர் அதே மனிதர்தாம். தரகரை ஒழித்த பெருமை இதில் இல்லை. அவருடைய இருக்கையில் பாடகர் அமர்ந்துகொண்டார், அவ்வளவே. சந்தை தாங்கும் விலைக்குக் கீழே சீட்டை விற்பது வீண் இழப்பு எனப் பொருளியலார் கூறுவர். ஆனால் அந்த இடைவெளியைப் பழைய ரசிகர் பணத்தால் அன்றி நேரத்தால் நிரப்பினார். விடியும்வரை வரிசையில் நின்றார். அவ்வரிசையில் வழக்கறிஞரும் ஆலைத் தொழிலாளியும் முன்பின்னாக நிற்க முடிந்தது. (கணினி நிரல்கள் நொடியில் சீட்டுகளை அள்ளிச்செல்லும் காலத்தில் அவ்வரிசையும் பழுதுபட்டுவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை.)

வேறு வழியில்லை என்ற கூற்றை ஏற்பதற்குமுன் இரு முயற்சிகளை நினைவுகூர்தல் தகும். 1994இல் பேர்ல் ஜாம் குழுவினர் சீட்டு விலை 20 டாலரைத் தாண்டலாகாது என்று நின்று, டிக்கெட்மாஸ்டர் மீது அமெரிக்க நீதித்துறையிடம் முறையிட்டனர். அக்குழுவின் இருவர் நாடாளுமன்றக் குழுமுன் சான்றளித்தனர். 1995இல் விசாரணை நடவடிக்கையின்றி முடிக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் பிடியில் இல்லாத அரங்குகளைத் தேடி அலைந்து களைத்த குழு, 1998இல் அதனிடமே திரும்பியது. நம் கருத்தில் இது தோல்விதான். வீரக்கதை ஆக்க வேண்டியதில்லை. ஆனால் 2023இல் தி கியூர் குழுவின் ராபர்ட் ஸ்மித் அதே நிறுவனத்தின் வழியாகவே விற்றுக்கொண்டு, ஏறும் விலையையும் பிளாட்டினம் முறையையும் மறுத்தார். பெரும்பாலான கச்சேரிகளுக்குச் சீட்டைக் கைமாற்ற இயலாதபடி செய்தார். அதற்குச் சட்டம் இடந்தராத நியூயார்க், இலினாய், கொலராடோ மாநிலங்களில் மட்டும் விட்டுக்கொடுத்தார். 20 டாலர் சீட்டின்மீது அதற்கு மேலும் கட்டணங்கள் ஏற்றப்பட்டதை அவர் வெளிப்படையாகக் கண்டித்தபின், நிறுவனம் சீட்டுக்கு 5 அல்லது 10 டாலர் திருப்பித் தந்தது. விலையை நிர்ணயிப்பது ஏதோ கண்ணுக்குப் புலப்படாத சந்தை என்பார்க்கு இது போதுமான மறுப்பு. முடிவு கலைஞரின் கையிலும் இருக்கிறது.

இசைக்குழுக்களின் பக்கமும் நியாயம் உண்டு. இணையம் இசைத்தட்டு வருவாயை அரித்தபின் மேடையே அவர்கள் பிழைப்பாயிற்று. 1996 முதல் 2003 வரை அமெரிக்காவில் பொதுவிலைகள் 17 விழுக்காடு உயர்ந்தபோது கச்சேரிச் சீட்டின் சராசரி விலை 82 விழுக்காடு உயர்ந்ததைப் பொருளியலாளர் ஆலன் குரூகர் இவ்வகையில்தான் விளக்கினார். ஆனால் அவரே காட்டிய மற்றொன்றும் உண்டு: 1982இல் கச்சேரி வருவாயில் 26 விழுக்காட்டைப் பெற்ற உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டுக் கலைஞர்கள், 2003இல் 56 விழுக்காட்டைப் பெற்றனர். நலிந்த கலைஞரின் பிழைப்பைக் காட்டி, 2021இல் தம் பாட்டுகளின் உரிமையைப் பெருந்தொகைக்கு விற்ற ஒருவரின் விலையை நியாயப்படுத்துவது பொருந்தாது.

ரசிகர்களும் குற்றமற்றவர் அல்லர். பாட்டில் பேசும் தொழிலாளியையும் பாடுபவரையும் ஒருவரென்றே கொண்டது அவர்கள் செய்த பிழை. 1972 முதல் பெரிய இசைத்தட்டு நிறுவனமொன்றின் ஒப்பந்தத்தில் இருந்தவர் அவர். 1984க்குப் பின் செல்வர். ஆயினும் அம்மயக்கத்தை வளர்த்ததில் கச்சேரிகளுக்கும் பங்குண்டு. மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஓயாது பாடும் ஒருவரை அரங்கே சேர்ந்து பாடி எதிரொலிக்கும்போது, கேட்பவர் அக்கலையின் ஒரு கூறாகிறார். விலை அவரை மாற்றி வேறொருவரை அமர்த்தினால் மாறுவது இருக்கை மட்டுமன்று.

இதை ‘பேக்ஸ்ட்ரீட்ஸ்’ ஆசிரியர் உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. ஸ்பிரிங்ஸ்டீனைத் தூற்றி அவர் விடைபெறவில்லை. நெடுங்கால வாசகர்கள் பலர் செல்ல இயலாத கச்சேரிகளைப் பற்றி முன்போன்ற உவகையோடு எழுத முடியவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். அவ்விதழை ஒட்டி நடந்த சீட்டுப் பரிமாற்ற அரங்கில் ஒரு விதி இருந்தது: செல்ல முடியாதவர் தம் சீட்டை அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு டாலரும் கூட்டாமல் இன்னொரு ரசிகருக்குத் தர வேண்டும்.