எழுதிய இடத்திலேயே விடை

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ஆம் ஆண்டில் வெளியிட்ட குனு ஈமேக்ஸ் என்னும் எடிட்டரில், நிரல் முழுவதையும் சேமித்து, வேறொரு திரைக்குச் சென்று, அங்கே ஓட்டிப் பார்த்துத் திரும்பும் பிரயாசை ஏதுமின்றி, வேண்டிய பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து அந்த க்ஷணமே இயக்கிப் பார்க்கும் சௌகரியம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்கள் பிறகு லேசில் விடுவதில்லை. (* 27 14) என்று லிஸ்ப் மொழியில் எழுதி, அடைப்புக்குறி மூடிய இடத்துக்குப் பின்னே கர்சரை நிறுத்தி, கண்ட்ரோல் விசையை அழுத்தியவாறே எக்ஸையும் இ-யையும் தட்டினால், திரையின் அடிவரியில் 378 என்று விடை வந்து நிற்கும். கேளாமலே அதன் எட்டடிமான, பதினாறடிமான ரூபங்களும் பக்கத்தில் தோன்றும். (இந்த அதிகப்பிரசங்கித்தனம் எனக்குப் பிடித்தமானது.) இதனினும் விசேஷம், எடிட்டரின் பெரும்பகுதியே லிஸ்பில் எழுதப்பட்டிருப்பதால், அதன் சுபாவத்தையே மாற்றும் வரியொன்றையும் இவ்விதமே இயக்கலாம், மூடித் திறக்காமலே மாற்றம் பிரத்தியட்சமாகும். ஆபத்தும் உண்டு: முன்பு இயக்கிய வரியைக் கோப்பிலிருந்து அழித்துவிட்டாலும் அதன் விளைவு நினைவகத்தில் தங்கியிருக்கும்; ஆகையால் வேலை முடிந்ததும் எடிட்டரைப் புதிதாகத் திறந்து, நிரலை முதலிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.